ஆச்சிக்கும் கோடை விடுமுறை

2023 ஜூன் மாதத்தில் ஒரு நாள், அம்பாசமுத்திரத்தில் என் பெற்றோர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் அத்தை, தன் மகனுக்குச் சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கும் விஷயமாக என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பேசி முடிக்கும் நேரத்தில், "ஒங்கம்மைக்கு முட்டுவலி இப்பம் தேவலை பாத்துக்க. நீங்கல்லாம் ரயிலேறின மறுநாளு படுத்தவ, எட்டு நாளா அடுக்களைப் பக்கமே போகலைல்லா" என்றார். அந்த எட்டு நாளும் நான் அம்மாவோடு தினமும் பேசியிருந்தேன். பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, கொடுத்துவிட்ட கைமுறுக்கு நமுத்துப்போகாமல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்ட அம்மா, தான் படுத்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவையும் அவள் சொல்ல விடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கோடையில் அண்ணன் குடும்பம் பெங்களூரிலிருந்தும் நாங்கள் சென்னையிலிருந்தும் ஒரே சமயத்தில் போய் இறங்கியிருந்தோம். அம்மா அப்பாவையும் சேர்த்துப் பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் நான்கு பேர், மூன்று வாரம். அத்தை பேசிய அன்று இரவு, பிள்ளைகள் தூங்கியபின் என் மகனின் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த மூன்று வாரத்தில் அம்மா செய்த வேலைகளை எழுதிப் பார்த்தேன். ஆளுக்கு நான்கு இட்லி என்றாலும் காலையில் நாற்பது. எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரைக்கு அது மூன்று ஈடு. அதற்கு முந்தைய மாலை மாவாட்ட வேண்டும். அதற்கு முன் அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும். மதியம் சோறு, குழம்பு, இரண்டு தொடுகறி. இரவுக்குத் தோசை, அதிலும் ஒரு பிள்ளைக்கு முறுகலாக, ஒரு பிள்ளைக்கு மெத்தென்று. நானும் அண்ணியும் சும்மா இருந்தோம் என்று சொல்ல மாட்டேன். தேங்காய் துருவினோம், பாத்திரம் கழுவினோம், பரிமாறினோம். ஆனால் அடுத்த வேளைக்கு என்ன என்ற கவலையை அம்மாவின் தலையிலிருந்து நாங்கள் ஒரு நாளும் இறக்கி வைக்கவில்லை. அவளுக்கு அப்போது 67 வயது. தரையில் உட்கார்ந்து எழக்கூடாது, வெகுநேரம் நின்று வேலை செய்யக்கூடாது என்று மருத்துவர் சொல்லி அதற்குள் ஒரு வருடம் ஆகியிருந்தது.

என்னுடைய சிறுவயதுக் கோடைகள் கடையத்தில் என் ஆச்சி வீட்டில் கழிந்தவை. மாமரத்து நிழல், அரங்கு வீட்டின் இருட்டில் பானைக்குள் பழுத்துக்கொண்டிருக்கும் பழத்தின் மணம், தட்டட்டி என்னும் மொட்டைமாடியில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்த இரவுகள் என்று அவற்றைப் பற்றி எத்தனையோ முறை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஆச்சி மதியம் மூன்று மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தார், எப்போது சாப்பிட்டார், எப்போது படுத்தார் என்று எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. என் நினைவில் தங்கியிருப்பவை எல்லாம் அவர் செய்து முடித்த வேலைகளின் பலன்கள். செய்தவரை நான் பார்க்கவே இல்லை. விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தாத்தா ஆச்சி வீட்டுக்கு அனுப்புங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். நானும் அதை மனதார நம்புகிறேன். ஆனால் அந்த அறிவுரையில் அடுப்படியில் நிற்பவரைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே 2024 கோடைக்கான ஏற்பாட்டை நான் பொங்கலுக்கு முன்பே தொடங்கினேன். அப்போது ரயில் முன்பதிவுக்கு 120 நாள் அவகாசம் இருந்ததால், நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்த கையோடு அண்ணனிடமும் பேசினேன். இரண்டு குடும்பமும் ஒன்றாகப் போவதில்லை, அவர்கள் தசராவுக்குப் போவார்கள், நாங்கள் கோடைக்குப் போவோம் என்று முடிவு செய்தோம். ஒன்றாக ஒட்டி வளரவேண்டிய பிள்ளைகளைப் பிரித்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதற்கு ஈடாக எதையும் என்னால் காட்ட முடியாது. ஏப்ரல் 19-ஆம் தேதி தேர்தல் முடிந்து, பரீட்சைகளும் முடிந்து, 26-ஆம் தேதி இரவு நானும் எட்டு வயது மகனும் ஐந்து வயது மகளும் எழும்பூரில் ரயிலேறினோம். எனக்கு மூன்று வாரம் விடுப்பு. மீதி இரண்டு வாரம் அங்கிருந்தே கணினியில் வேலை பார்க்க அனுமதி. கணவர் கடைசிப் பத்து நாளைக்கு வந்து சேர்வார். காலையில் திருநெல்வேலியில் இறங்கிச் செங்கோட்டைப் பாசஞ்சருக்கு மாறி, சேரன்மகாதேவி தாண்டிய பிறகு மேற்கே மலை தெரியத் தொடங்கியதும், ஜன்னலோர இடத்துக்கான சண்டையை இருவரும் தாமாகவே நிறுத்திவிட்டார்கள்.

வந்து இறங்கிய மறுநாள் காலை ஆறரை மணிக்கு, எங்கள் தெருக் கோடியில் இருக்கும் அக்கா ஒருவர் வந்து அடுக்களையில் நின்றார். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர் அவர். ஐந்து வாரமும் காலைச் சமையலும் மதியச் சமையலும் அவர் பொறுப்பு, சம்பளம் என்னுடையது என்று தொலைபேசியில் பேசி வைத்திருந்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், அது நான் செய்த பெரிய பிழை. அம்மா அந்த அக்காவுக்கு முதலில் காப்பி போட்டுக் கொடுத்தாள். பிறகு என்னைப் புறவாசலுக்குக் கூப்பிட்டு, "பேரப் பிள்ளையளுக்குச் சமைச்சுப் போட ஆள் வச்சுட்டாளாம்னு தெருவுல பேசுவாவளே, ஏளா, எனக்கு என்ன கையா இல்ல?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் கண் கலங்கிக் கேட்டதால் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

முதல் மூன்று நாள் வீடு சரியாக இல்லை. தன் சொந்த அடுக்களையில் அம்மா விருந்தாளி போல் நின்றாள். எடுத்த பாத்திரத்தைத் திரும்ப வைத்தாள், தேங்காயைத் துருவலாமா அரிந்து போடலாமா என்பதில் அந்த அக்காவோடு மனத்தாங்கல் வந்தது, பட்டாசல் என்னும் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டாள். வேலையை எடுத்துவிட்டால் ஓய்வு தானாக வரும் என்று நான் நினைத்திருந்தேன். ஐம்பது வருடமாகச் சோறு போடுவதன் வழியாகவே அன்பைச் சொல்லிப் பழகிய ஒருத்தியிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டால், அவள் பேசும் பாஷையையே பறித்ததாகும் என்பதை நான் யோசிக்கவில்லை. நான்காம் நாள் மதியம் அவளே தீர்வைச் சொன்னாள். "காலையும் மத்தியானமும் அவ பாத்துக்கிடட்டும். சாயங்காலம் எனக்கு. அந்த நேரத்துல யாரும் உள்ள வரக்கூடாது, பிள்ளைய ரெண்டையும் தவிர." இரவுக்கு நான் என்றாயிற்று.

அன்று முதல் மாலை நான்கு மணி அம்மாவுடையது. அடுக்களை மேடையை ஒட்டி உயரமான ஒரு ஸ்டூலைப் போட்டு அவள் உட்கார்ந்துகொள்வாள். ஒரு பக்கம் மகன், மறுபக்கம் ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று மகள். ஒரு நாள் உளுந்தங்களி, ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் இடித்த அவலில் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்தது. களி கிண்டும்போது மாவும் கருப்பட்டிப் பாகும் ஒன்று சேர்ந்து, பிறகு நல்லெண்ணெய் உள்ளே போய், சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும் அந்த ஒரு நிமிடத்துக்காக என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கையை நனைத்துத் தொட்டுப் பார்த்து, ஒட்டாவிட்டால் இறக்கலாம் என்று சொல்லும் அதிகாரத்தை ஆச்சி அவளுக்குக் கொடுத்திருந்தாள். பத்துப் பேருக்கு மூன்று வேளை சமைத்த முந்தைய வருடத்தில், எந்தப் பிள்ளையையும் இப்படிப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள அம்மாவுக்கு நேரம் இருந்ததில்லை. "அடுப்புக்கிட்ட வராத, அந்தால போய் வெளையாடு" என்று விரட்டத்தான் நேரம் இருந்தது.

அப்பா விக்கிரமசிங்கபுரம் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றும் அதிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். ஆலைச் சங்கின் நேரத்துக்கு அவர் உடம்பு பழகியிருக்கிறது. கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. இப்போது குத்தகைக்கு விட்டிருக்கிறார் என்றாலும் அந்த நிலத்தின் கவலை அவரை விட்டுப் போகவில்லை. நாளிதழ் வந்ததும் முதலில் அவர் பார்ப்பது உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் அணைகளின் நீர்மட்டம். ஜூன் பிறந்தால் கார் பருவ நெல் சாகுபடி. அணையில் தண்ணீர் இருந்தால்தான் கால்வாயில் விடுவார்கள், விட்டால்தான் நாற்றுப் பாவ முடியும். எனவே மே மாதம் முழுவதும் அந்தச் சிறிய கட்டம்தான் எங்கள் ஊர்ப்பக்கத்து விவசாயிகளுக்குத் தலைப்புச் செய்தி.

கண்ணாடியை எங்கோ வைத்துவிட்ட ஒரு காலையில், "எய்யா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று அப்பா நாளிதழை என் மகனிடம் நீட்டினார். மகன் மூன்றாம் வகுப்பை ஆங்கில வழியில் முடித்தவன். தமிழ் ஒரு பாடம்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பான், ஆனால் படிக்கச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். அன்று வேறு வழியில்லாமல் "பா…ப…நா…சம்" என்று தொடங்கினான். எதிரே எண் இருந்ததால் அவனுக்குத் தைரியம் வந்தது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பவை அணைகளின் முழுக் கொள்ளளவு உயரம், இன்றைக்கு இருப்பது இவ்வளவு, வரத்து இவ்வளவு கன அடி, வெளியேற்றம் இவ்வளவு கன அடி என்று தாத்தா விளக்கினார். கன அடி என்றால் என்ன என்று அவன் கேட்டான். ஒவ்வோர் அடி நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு பெட்டித் தண்ணீர், சுமார் 28 லிட்டர் வரும், நம் பிளாஸ்டிக் குடத்துக்கு இரண்டு குடம், அவ்வளவு தண்ணீர் ஒவ்வொரு வினாடியும் போவதாக நினைத்துக்கொள் என்றார் அப்பா. அவன் புறவாசலுக்குப் போய் இரண்டு குடத்தையும் பார்த்துவிட்டு வந்தான்.

அதன் பிறகு கண்ணாடி தினமும் காணாமல் போனது. மே மாதம் முடிவதற்குள் அவன் நீர்வரத்து, இருப்பு, வெளியேற்றம், மழையளவு என்ற சொற்களையெல்லாம் தடங்கலின்றி வாசித்தான். ஒரு பழைய டைரியில் மூன்று அணைக்கும் பத்தி போட்டு எழுதிவந்தான். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டதற்கு, பொதிகையில் இறங்கிப் பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னக்காயலில் கடல் சேரும் ஆற்றை அப்பா வீட்டின் முன்பகுதியான தார்சாவின் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். சென்னையில் அவனுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க நான் வாங்கிய படக்கதைப் புத்தகங்கள் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. தன் குரலுக்காகக் காத்திருக்கும் ஒருவர் எதிரே இருந்ததும், தான் வாசிக்கும் எண் அவருக்கு உண்மையிலேயே முக்கியமானதாக இருந்ததும்தான் அவனை வாசிக்க வைத்தன என்று நினைக்கிறேன். அந்த இரண்டையும் என்னால் வாங்கிக் கொடுக்க முடியாது.

ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமிரபரணியில் குளிப்பதற்காகவே பிள்ளைகள் வருடம் முழுவதும் காத்திருக்கிறார்கள். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி கரை மீறி ஓடியது. அப்பா அறுபது வருடமாகக் குளிக்கும் படித்துறை அது. "பள்ளம் எங்கன, மணல் எங்கன, எங்கன பாறை கிடக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். வெள்ளத்துக்கு அப்புறம் எனக்கே தெரியாது" என்று சொல்லி, முதல் இரண்டு நாள் பிள்ளைகளைக் கரையில் என்னோடு நிறுத்திவிட்டார். ஒரு மூங்கில் கம்போடு அவர் மட்டும் இறங்கி, ஓர் எட்டு வைப்பதற்கு முன் கம்பை ஊன்றி, ஊன்றிய இடத்தில் காலை வைத்து, கரைக்கு இணையாக மெதுவாக நடந்து போய்த் திரும்பினார். இடுப்பளவு ஆழத்துக்கு உட்பட்ட இடத்தின் எல்லைகளில் இரண்டு கம்புகளை நட்டு, ஒரு சிவப்புத் துணியையும் கட்டினார். 72 வயதில் அவர் அப்படித் தண்ணீருக்குள் நடந்ததைப் பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. மூன்றாம் நாள் பிள்ளைகள் அந்தத் துணிக்குள் இறங்கினார்கள். அப்பா காலத்தில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு பழகினார்களாம். இவர்களுக்குக் காற்றடைத்த டியூப். மகன் ஐந்து வாரத்தில் டியூப் இல்லாமல் பத்துக் கையடி போகக் கற்றுக்கொண்டான். மகள் கடைசி வரை தாத்தாவின் தோளை விடவில்லை. அப்பாவும் விடச் சொல்லவில்லை.

குற்றாலம் போக வேண்டும் என்று பிள்ளைகள் அரித்துக்கொண்டிருந்தார்கள். மே மாதத்தின் நடுவில் கோடை மழை பிடித்தது. மலையில் கருமேகம் இறங்கியதைப் பார்த்த அப்பா ஆற்றுக் குளியலையும் நிறுத்தினார், குற்றாலத்தையும் கிடையாது என்றுவிட்டார். இங்கே வெயில் அடிக்கிறதே தாத்தா என்று மகன் வாதாடினான். இங்கே அடிக்கும் வெயிலுக்கும் மேலே பெய்யும் மழைக்கும் சம்பந்தமில்லை, அருவித் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது என்றார். மே 17-ஆம் தேதி பிற்பகல் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டு போன செய்தி வந்தபோது வீட்டில் யாரும் பேசவில்லை. அன்று சாயங்காலம் மகன் தாத்தாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அந்தப் பையனின் வீட்டாரை நினைத்து அம்மா விளக்கேற்றும்போது அழுதாள்.

மதியங்கள் நீளமானவை. அக்கினி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை; பதினொரு மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நடமாடாது. பத்தமடைப் பாயை விரித்து, அதன் மேல் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டால் பட்டாசல் குளிர்ந்திருக்கும். முதல் வாரத்தில் பிள்ளைகள் "போரடிக்குது" என்று இருபது முறை சொன்னார்கள், கைபேசியைக் கேட்டார்கள். மதியம் ஒரு மணி நேரம் தொலைக்காட்சி, கைபேசி கிடையாது என்று நான் வைத்திருந்த சட்டத்தை அப்பா இரண்டு தடவை ரகசியமாக உடைத்தார். அதற்காக நான் அவரோடு சண்டை போட்டேன். மகளுக்குத் தினமும் ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி கொடுக்கும் விஷயத்தில் அம்மாவோடு சண்டை போட்டுத் தோற்றேன். இவற்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பிள்ளை வளர்ப்பில் மூன்று பெரியவர்களுக்கு ஒரே கருத்து இருந்ததாக எந்த வீட்டையும் நான் கண்டதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்பாவின் சர்க்கரை மாத்திரைகளும் பல வருடமாக ஜன்னல் திண்டில், ஐந்து வயதுக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. அவற்றை ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினேன். புறவாசல் கிணற்றுக்குப் புதிய கம்பிவலை போட்டுப் பூட்டினேன். முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் சிறு பிள்ளைகளைக் கொண்டு விடுகிறவர்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் வாரம் பல்லாங்குழி வெளியே வந்தது. அம்மாவால் தரையில் உட்கார முடியாது என்பதால் முக்காலியின் மேல் பலகையை வைத்து, அவள் நாற்காலியிலும் மகள் எதிர்க் கட்டிலிலும் உட்கார்ந்தார்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டைகள். சேரும் குழியில் நான்கு ஆனால் பசு. அதை அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுப் பெண் முதலில் தோற்றுத் தோற்று அழுதாள். அம்மா ஒரு நாளும் வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கவில்லை. அது எனக்குச் சங்கடமாக இருந்தது, விட்டுக்கொடுக்கலாமே என்று சைகை செய்தேன். "அவ என்னைச் செயிக்கணும்னு நினைக்கா. நான் தோத்துக் குடுத்தா அவளுக்கு என்ன கிடைக்கும்?" என்றாள் அம்மா. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று விரலால் காற்றில் எண்ணிப் பார்த்துவிட்டு மகள் காய்களை அள்ளினாள், அந்த ஆட்டத்தை ஜெயித்தாள். தெரு முழுவதும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

வத்தல் போடாமல் கோடை முடிந்ததாக அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். 2023-இல் தனியாகப் போட்டிருந்தாள். இந்த முறை முந்தைய இரவில் பச்சரிசி மாவும் ஜவ்வரிசியும் சேர்த்துக் கூழ் காய்ச்சும் வேலையை நானும் அப்போது வந்து சேர்ந்திருந்த கணவரும் எடுத்துக்கொண்டோம். கட்டி விழாமல் துடுப்பால் கிண்ட இரண்டு ஆள் மாறி மாறி வேண்டியிருந்தது. இதை அவள் தனியாக எப்படிச் செய்தாள் என்று கணவர் கேட்டார். பச்சைமிளகாயும் சீரகமும் உப்பும் அரைத்துக் கலப்பதை மட்டும் அம்மா எங்களிடம் விடவில்லை. காலை ஐந்தரைக்குத் தட்டட்டியில் பழைய வேட்டியை நனைத்து விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, வேட்டிக்கு நடுவாக அம்மாவுக்கு ஒரு நாற்காலியும் போட்டோம். படியேற அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது, அப்பா பின்னாலேயே வந்தார்.

முறுக்குப் பிழியும் உழக்கில் கூழை நிரப்பி மகன் அழுத்தினான். முதல் பத்து வத்தல் கோடாக இழுத்துக்கொண்டு போயின. பிறகு வட்டம் பிடிபட்டது. மகள் கரண்டியால் சொட்டுச் சொட்டாக வைத்தாள், சில காசு அளவில், சில உள்ளங்கை அளவில். பெரியவை காய நாளாகும், சிறியவை எண்ணெயில் கருகும், ஒரே அளவாக வை என்று அம்மா நாற்காலியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள், கையை நீட்டி ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. ஏழு மணிக்குள் வேட்டி நிறைந்துவிட்டது. காக்காய்க்காகக் கறுப்புக் குடையை விரித்து வைத்தோம். அன்று மாலை வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தபோது பாதி உடைந்தது. உடைந்ததும் வத்தல்தான் என்று சொல்லி அம்மா எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிப் போட்டு, மேலும் மூன்று நாள் வெயிலில் வைத்தாள்.

ஜூன் 2-ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட் இருந்தது. 6-ஆம் தேதி பள்ளிக்கூடம். மே மாதக் கடைசியில், வெயிலின் காரணமாகப் பள்ளிகள் ஜூன் 10-ஆம் தேதிதான் திறக்கும் என்று அரசு அறிவித்தது, எங்கள் பிள்ளைகளின் பள்ளியும் அப்படியே செய்தது. பிள்ளைகள் வீடு அதிரக் கத்தினார்கள். நான்கு நாள், தாத்தா, நான்கு நாள் என்று மகன் டைரியில் அடுத்த பக்கத்துக்குக் கோடு போடத் தொடங்கினான். அம்மா, "இருந்துட்டுத்தான் போங்களேன், என்ன கெட்டுப் போச்சு" என்றாள். சொல்லும்போது அவள் வலது கை முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சமையலுக்கு ஆள் இருந்தாலும், மதியத் தூக்கம் இருந்தாலும், ஐந்து வாரம் வீட்டில் சத்தமும் ஓட்டமும் இருந்ததே ஒரு களைப்புத்தான். அதை அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். குறித்த தேதியில் கிளம்பினோம். மகன் திருநெல்வேலி வரை என்னோடு பேசவில்லை.

அடுத்த வீட்டு அத்தைக்கு நானே தொலைபேசி செய்து, அம்மா படுத்துவிட்டாளா என்று கேட்டேன். "ஒரு நாளு தூங்குனா. மறுநாளு கோயிலுக்கு வந்துட்டாளே" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மகன் தாத்தாவுக்கு அணை நீர்மட்டத்தை இங்கிருந்து வாசித்துச் சொல்கிறான்; அப்பா ஏற்கெனவே படித்திருப்பார், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறார். ரயில் முன்பதிவு அவகாசம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைந்துவிட்டதால், 2025 கோடைக்கான பேச்சு மார்ச் மாதத்தில்தான் வந்தது. எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு, எத்தனை நாள் இருக்கலாம் என்றும் அம்மாவிடம் கேட்டேன். எப்போதும்போல இது உங்க வீடு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். தொலைபேசியில் சற்று நேரம் சத்தமே இல்லை.

"ஏளா, தப்பா நினைக்காத" என்றாள். "இந்தத் தடவை மூணு வாரம் போதும். அந்த மூணு வாரமும் நான் நல்லா இருப்பேன். அந்த அக்காவை இப்பமே சொல்லி வச்சிரு, வைகாசியில அவளுக்குக் கல்யாண வேலை நிறைய வரும்."

அம்மா தனக்கு இவ்வளவுதான் முடியும் என்று என்னிடம் சொன்னது என் நினைவில் அதுவே முதல் தடவை. போகவும் வரவும் டிக்கெட் இரண்டையும் ஒரே நாளில் கணக்குப் பண்ணிச் சரியாக மூன்று வாரத்துக்குக் குறித்தேன். பிறகு அந்த அக்காவுக்குப் போன் செய்தேன்.